மலையடியிலிருந்து கடல் வரை... தண்ணீர் போட்ட சைக்கிள் பாதை!

சேலையூர் ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தாம்பரத்தில் வீடு வாங்கிப் பத்து வருடம் ஆனவர்களிடம் கேட்டாலும், பலர் யோசிப்பார்கள். "எங்க தெருவுக்குத்தான் வரும்" என்று சிரிப்பவர்களும் உண்டு.

ஏரிக்கு வழி தெரியும். சேலையூரில் மிஞ்சிய நீர் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் செம்பாக்கம். அதற்கடுத்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கும். கால்வாயோடு தெற்கே போனால் முட்டுக்காடு கழிமுகம். பக்கத்திலேயே கோவளம். அப்புறம் கடல்தான்.

வரைபடத்தில் இந்த வழியை அளந்தால் ஏறக்குறைய 30 கி.மீ. வருகிறது. தாம்பரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 30 மீட்டர் மேலே இருக்கிறது. அதாவது, ஒரு கிலோமீட்டர் போவதற்குள் தரை ஒரு மீட்டர்தான் இறங்குகிறது. கண்ணுக்கே தெரியாத சரிவு. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். சைக்கிள் மிதிப்பவரின் முழங்காலுக்கும் தெரியும்.

மலையடியில் தொடங்கி, மோட்டார் வண்டிகளின் தொல்லை இல்லாமல், மூச்சு வாங்காமல் கடல் வரை சைக்கிளில் போய்ச் சேர முடியுமா? உலகத்தின் வேறு மூலையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் புதிதாகச் சாலை போடவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வழியை எடுத்துத் துடைத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

ரயில் போன வழி

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் பகுதி கேட்டலோனியா. அங்கே ஓலோட் என்று ஒரு மலையூர். சுற்றிலும் அணைந்துபோன எரிமலைகள். அங்கிருந்து ஜிரோனா நகரத்துக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. ஜிரோனாவிலிருந்து கடற்கரை ஊரான சான் ஃபெலியு தெ கீஷோல்ஸுக்கு இன்னொரு குட்டி ரயில். தண்டவாளங்களுக்கு நடுவே முக்கால் மீட்டர்தான் இடைவெளி. நம் ஊட்டி ரயிலுக்கே ஒரு மீட்டர் உண்டு என்றால், அது எவ்வளவு சின்ன ரயில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மக்கள் செல்லமாக 'கரிலெட்' என்று கூப்பிட்டார்கள். குட்டி ரயில் என்றுதான் அர்த்தம்.

பஸ்ஸும் லாரியும் பெருகியதும் ரயிலுக்கு மவுசு போனது. 1969ல் இரண்டு ரயில்களையும் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. ரயில் போன தடத்தில் புதர் மண்டியது.

அந்தத் தடத்தைத்தான் பிறகு சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். ஓலோட்டிலிருந்து ஜிரோனா வரை 54 கி.மீ. அங்கிருந்து கடல் வரை சுமார் 40 கி.மீ. காலையில் மலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் கடலில் கால் நனைத்துவிடலாம். வழியில் இருந்த பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் சிலவற்றில் இன்று சாப்பாட்டுக் கடைகளும் தகவல் மையங்களும் நடக்கின்றன. ஸ்பெயின் முழுக்க இந்த வேலை 1993ல் ஒரு திட்டமாகத் தொடங்கியது. 'பசுமை வழிகள்' என்று பெயர். இன்றைக்கு மொத்தம் 3,000 கி.மீட்டருக்கும் மேல் நீண்டுவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஊட்டி ரயில் ஏறுகிறதே என்றால், அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. சாதாரண ரயிலுக்குத் தடம் போடும் எஞ்சினீயர், நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றம் வராதபடி மலையை வளைத்து வளைத்துத்தான் வழி எடுப்பார். நிலக்கரி ரயிலுக்காகச் செய்த அந்தக் கணக்கு, நூறு வருடம் கழித்து எட்டு வயதுக் குழந்தைக்கும் அறுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் உதவுகிறது. கியர் வைத்த விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம்; பந்தய வீரரின் தொடை வேண்டாம். மெல்ல மிதித்தால் போதும்.

படகு போன வழி

ரயில் தடம் மட்டும்தான் என்றில்லை. பக்கத்து நாடான பிரான்ஸில், துலூஸ் நகரத்தை மத்தியதரைக் கடலோடு இணைக்கும் 240 கி.மீ. நீளக் கால்வாய் ஒன்று உண்டு. பெயர் கனால் து மிதி. 1681ல் வெட்டி முடித்தது. மோட்டார் இல்லாத காலத்தில் குதிரைகள் கரையோரம் நடந்தபடி படகுகளைக் கயிறு கட்டி இழுத்தன. குதிரை நடந்த அந்தக் கரைவழியில்தான் இன்று பல நாட்டுப் பயணிகள் சைக்கிளில் போகிறார்கள்.

நம் பக்கிங்காம் கால்வாய்க்கும் இதே கதை இருக்கிறது. 1806ல் சென்னைக்கு வடக்கே சிறிய கால்வாயாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, 1878ல் பக்கிங்காம் என்ற பெயர் பெற்றது. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் பக்கம் முதல் நம் மரக்காணம் வரை கிட்டத்தட்ட 420 கி.மீ. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் இதில் வந்துபோயின. காற்று கைகொடுக்காத நேரத்தில் படகுக்காரர்கள் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார்கள். இன்றைய ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் நடுவே, மனிதக் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த கரைவழி ஒன்று முன்பு இருந்திருக்கிறது.

தாம்பரத்தில் ரயில் ஓடட்டும்

ஸ்பெயினைப் பார்த்து, "நம்மிடமும் மீட்டர் கேஜ் இருந்ததே, அந்தத் தடம் எங்கே?" என்று கேட்கத் தோன்றும். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது. 2004ல் அது விடைபெற்றது. ஆனால் அந்த இடத்தில் அகல ரயில் வந்துவிட்டது. நாள் முழுக்கக் கூட்டத்தைச் சுமக்கிறது. அது ஓடுவதுதான் நமக்கு நல்லது. காலியாகக் கிடக்கும் ரயில் தடம் தாம்பரத்தில் கிடையாது. அதற்காக வருத்தப்படவும் தேவையில்லை.

நமக்கு இருப்பது ஏரித் தடம். ரயிலுக்கு எஞ்சினீயர் கணக்குப் போட்டதைப் போல, தண்ணீருக்காகப் பல தலைமுறைக்கு முன்பே இங்கே கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு ஏரியின் கலங்கலைவிட அடுத்த ஏரியின் மட்டம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். நடுவில் ஒரு கால்வாய். ஒவ்வொரு ஏரிக்கும் மண்கரை. கரையைக் காவல் காக்கவும் மதகைத் திறக்கவும் ஆட்கள் அதன் மேல் நடந்தார்கள். வயலுக்குப் போனவர்கள் நடந்தார்கள். மாடு நடந்தது. சைக்கிள் வந்த பிறகு அதுவும் போனது. வயல்கள் மனைகளாகியதும் கரையில் நடக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது.

பச்சைமலைப் பக்கத்து மழைநீர் சிட்லபாக்கம் ஏரிக்கு வருகிறது. அது நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. செம்பாக்கத்துக்குச் சேலையூர் பக்கமிருந்தும் வரத்து உண்டு. ஆக, மலையடியில் தொடங்கும் இரண்டு கிளைகள் செம்பாக்கத்தில் கூடிக் கடலை நோக்கிப் போகின்றன.

இப்போது எப்படிப் போகிறார்கள்?

தாம்பரத்திலிருந்து கடலுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் தலைக்கவசம் அணிந்து, பின்னால் சிவப்பு விளக்கு மினுங்க, வரிசையாகப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமான ஒரு வழி, வண்டலூரில் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். தாம்பரத்திலிருந்து கணக்கிட்டால் 30 கி.மீட்டருக்குச் சற்று மேல்.

அழகான வழிதான். வண்டலூரில் மலையும் காடும். புதுப்பாக்கத்தில் குன்றின் மேல் ஆஞ்சநேயர் கோயில். கடைசியில், கடற்கரைத் தூய்மைக்கான 'நீலக் கொடி' சான்றிதழை 2021ல் பெற்ற கோவளம் கடற்கரை. ஆனால் காலை ஏழரை மணி தாண்டினால் நிலைமை மாறிவிடும். கல்லூரி பஸ், ஐ.டி. கம்பெனி வேன், ஜல்லி லாரி எல்லாம் கிளம்பிவிடும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு வண்டலூர் பக்கம் நெரிசல் இன்னும் கூடிவிட்டது.

இதே சாலையில், மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வட்டத் தடம் இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் வாடகைச் சைக்கிள் எடுத்து, கார் ஹாரன் கேட்காத மரநிழலில் சுற்றலாம். பந்தயம் ஓட்டுகிறவருக்கு இடம் இருக்கிறது. பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கும் இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் ஓட்டுகிறவருக்குத்தான் இடம் இல்லை.

வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள்

அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைக்கு அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது. கேரியரும் முன்கூடையும் வைத்த நல்ல சைக்கிள். கிராமத்தில் அந்தச் சைக்கிள் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டையோ வேளச்சேரி மெயின் ரோட்டையோ தாண்டிப் போகவேண்டிய பிள்ளைக்கு? "மெயின் ரோட்டுல சைக்கிள் வேணாம், ஷேர் ஆட்டோவுல போயிடு" என்று அம்மா சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சாலையைத் தினமும் பார்க்கிறவர் அவர். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கும். டயரில் காற்று இறங்கும். ஒருநாள் யாருக்காவது விலைக்குப் போகும்.

வேறு வழியே இல்லாமல் அதே சாலையில் மிதிப்பவர்களும் இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளி, விடியலில் பேப்பர் போடும் பையன், நான்கு வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, ஹேண்டில்பாரில் சாப்பாட்டு டப்பாவைத் தொங்கவிட்டுக் கட்டட வேலைக்குப் போகும் அண்ணன். இவர்களுக்குச் சைக்கிள் உடற்பயிற்சி அல்ல. பஸ் காசு மிச்சம். ஒரு மாதத்து மிச்சம் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் செலவைத் தாங்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் பக்கம் போக, மெயின் ரோட்டைத் தொடாமல் ஏரிக்கரை ஓரமாக ஒரு வழி இருந்தால் முதலில் பயன்படுத்துகிறவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள். கடல் வரை போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். மற்ற ஆறு நாளும் இரண்டு கி.மீ., மூன்று கி.மீ. போகிறவர்களுக்கு உரியது அந்தப் பாதை.

பாதி வேலை நடந்திருக்கிறது

இது வெறும் கனவா என்றால், இல்லை. 2019 கோடையில் வறண்டு கிடந்த சிட்லபாக்கம் ஏரியில் அந்தப் பகுதி மக்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதற்குப் பிறகு அரசுப் பணத்தில் ஏரி சீரமைக்கப்பட்டு, கரையில் நடைபாதையும் வந்தது. சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள செம்பாக்கம் ஏரியில் சென்னை ஐ.ஐ.டி., கேர் எர்த் டிரஸ்ட், தி நேச்சர் கன்சர்வன்சி ஆகியவை கைகோத்துச் சீரமைப்பு வேலை செய்தன. இப்படி ஒவ்வொரு ஏரியாகக் கரை பலப்படுகிறது. காலையில் நடக்கப் போகிறவர்கள் ஒரே ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

விட்டுப்போனது இந்தக் கரைக்கும் அடுத்த கரைக்கும் நடுவே இருக்கும் துண்டு. ஏரி நிரம்பினால் தண்ணீர் போகவேண்டிய கால்வாய்தான் அந்தத் துண்டு. அங்கேதான் ஆக்கிரமிப்பு, அங்கேதான் குப்பை, அங்கேதான் கழிவுநீர்க் குழாய். சைக்கிள் போக வழி இல்லாத இடத்தில் தண்ணீரும் திணறுகிறது.

தாம்பரம் ஏரிகளிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் விழும் மழை, சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் நீர், அந்த ஒரே சதுப்பு நிலத்தில்தான் வந்து சேரவேண்டும். வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரிலும், 2023ல் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் அனுபவித்துவிட்டன.

ஒரு கால்வாயின் ஓரமாகத் தினமும் இருநூறு பேர் சைக்கிளில் போனால், அங்கே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லோடு கட்டட இடிபாட்டைக் கொட்டுவது கஷ்டம். மறுநாள் காலையிலேயே ஆள் கேட்பார்கள். யாரும் போகாத இடம்தான் முதலில் குப்பைமேடாகும், பிறகு மனையாகும். கரையில் மனிதர் நடமாட்டம் இருந்த வரை ஏரிகள் பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமென்ட் வேண்டாம், கவனம் வேண்டும்

ஜிரோனா பாதையின் பெரும்பகுதி கெட்டிப்படுத்திய மண்தான். தார் இல்லை, பளபளக்கும் டைல்ஸ் இல்லை. நம் ஏரிக்கரைக்கும் அதுவே பொருந்தும். நடைபாதை போடுகிறோம் என்று கரையை ஏரிக்குள் அகலப்படுத்தினால், அந்த அளவுக்கு ஏரி சுருங்கும். சிமென்ட் பூசி மின்விளக்கு வரிசை வைத்தால், நாரையும் தாழைக்கோழியும் இடத்தைக் காலி செய்துவிடும். நல்ல மண் பாதை, ஒரு சைக்கிளும் எதிரே வரும் இன்னொரு சைக்கிளும் ஒதுங்கிப்போகும் அகலம், நிழலுக்குப் பூவரசும் புங்கமும் போதும்.

பள்ளிக்கரணையில் இன்னும் கவனம் தேவை. 2022ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற, உலகம் மதிக்கும் சதுப்பு நிலம் அது. அதன் நடுவே எந்தப் பாதையும் போகக்கூடாது. அதைச் சுற்றி, இப்போதிருக்கும் தெருக்கள் வழியாகத்தான் போகவேண்டும். ஸ்பெயின் பாதையும் முழுக்கத் தனி வழி அல்ல. சில இடங்களில் ஊர்த் தெருவில் கலக்கிறது, சில இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்கிறது. கடக்கும் இடத்தில் கார் மெதுவாக வர ஏற்பாடு செய்தால், அந்த இடைவெளி பெரிய குறையாகத் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏரி ஒரு துறைக்கு, சாலை ஒரு துறைக்கு, சதுப்பு நிலம் வனத்துறைக்கு. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் 2021ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. தண்ணீருக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது. ஜிரோனாவிலும் பாதை பல ஊர்களைக் கடக்கிறது. அவர்கள் வழியோர உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு வைத்து, பாதையைப் பராமரிப்பதை மட்டும் அதன் பொறுப்பில் விட்டார்கள். புல் வெட்டுவது, பலகை நடுவது, பள்ளம் நிரப்புவது எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஒரே அலுவலகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை...

பாதை வரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஏரி வழியை அறிந்துகொள்ள இன்றைக்கே முடியும். விடிந்ததும் கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளோடு போனால் மழை விட்ட மறுநாள் வேண்டாம், கரை வழுக்கும். தண்ணீர் பாட்டில், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு சின்னப் பம்ப் இருக்கட்டும்.

முதலில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியின் கலங்கலைக் கண்டுபிடியுங்கள். பெரியவர்கள் யாரையாவது கேட்டால் கை காட்டுவார்கள். அங்கிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே, தெருத்தெருவாக, கால்வாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சில இடங்களில் கால்வாய் காணாமல் போயிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் என்று எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு ஏரி.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில், சேலையூரிலிருந்து பள்ளிக்கரணை வரை எத்தனை இடத்தில் வழி திறந்திருக்கிறது, எத்தனை இடத்தில் அடைத்திருக்கிறது என்ற கணக்கு உங்கள் வீட்டு நோட்டில் இருக்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்தக் கணக்கு மாநகராட்சி அலுவலகத்தின் மேஜைக்குப் போய்விட்டால், முதலில் தண்ணீர் போகும். அதன் பின்னாலேயே சைக்கிளும் போகும்.